சிவப்பு போன கண்

3.11, திங்கள்
காலையிலிருந்து தூறல். துறைமுக லாரிப் புழுதி இல்லை, ஆனாலும் வலது கண்ணில் உறுத்தல், சிவப்பு. வெளிச்சம் பார்த்தால் நீர். மூன்றாம் முறை.

எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "ஜொரம் வுட்டப்புறம் அது எங்க டீச்சர் போவும்?" சிலது போகாது, உடம்பிலேயே ஒளிந்திருக்கும் என்றேன். என் கருவிழி வைரஸ் அந்த வகை. நரம்பில் தூங்கும். உடம்பு அசந்தால் எழுந்து வரும்.

வெள்ளிக்கிழமை என் மகன் சேவியருக்கு நிச்சயதார்த்தம். பிள்ளை பதறுகிறான். "மெட்ராஸ் ஐன்னு பயந்துகினு பொண்ணு வூட்டுக்காரங்க கிட்டயே வரமாட்டாங்கம்மா." டாக்டரிடம் போனில் கேட்டானாம். புதுச் சொட்டு மருந்து வாங்கி வந்து அவனே போட்டுவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பெற்ற பிள்ளை கை.

6.11, வியாழன்
வெயில். சிவப்பு போயே போச்சு, வலியும். பூவுக்குச் சொல்ல வேண்டும். ரவிக்கை வாங்க வேண்டும்.

8.11, சனி
நேற்று எல்லாம் நல்லபடி. சம்பந்தி அம்மா கட்டிக்கொண்டார். ஆனால் மோதிரம் மாற்றும்போது பெண்ணின் முகம் புகைக்குள் இருப்பது போல. வலது கண் மங்கல்.

10.11, திங்கள்
ஆஸ்பத்திரி. சேவியரும் வந்தான். சாயம் வைத்து நீல விளக்கில் பார்த்தார் டாக்டர். போன முறை மரக்கிளை போல மெல்லிய புண். இப்போது தேசப்படம் போலப் பரந்துவிட்டதாம். பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார். எனக்குத் தெரியவே இல்லை.

புட்டியைக் காட்டி, நீங்கள் போனில் சொன்ன மருந்துதான் என்றேன். டாக்டர் அவனைப் பார்த்தார்.

"என்கிட்ட யாரும் கேக்கலையே. ஸ்டீராய்டு சொட்டு போடவே கூடாதுன்னு போன தடவை உங்ககிட்டதானே சொன்னேன்?"

"செவப்பு போனா போதும்னு மெடிக்கல்ல வாங்கினேன். ரெண்டு நாளுதானேன்னு..."

பேசுகிறவர்கள் பெயர் எழுதும் வகுப்பு லீடரை வெளியே அனுப்பினால் புகார் வராது. வகுப்பு அடங்கியதாக ஆகுமா? அந்த மருந்து அப்படித்தான்: சிவப்பை அடக்கும், வைரஸைப் பெருக விடும். அது சரி, அவன் சொன்ன பொய்க்கு என்ன உதாரணம் சொல்ல?

வைரஸுக்குக் களிம்பு, ஐந்து வேளை. மாத்திரை, ஆறிய பிறகும் பல மாதம். தழும்பு நிற்கலாம். பார்வை எவ்வளவு திரும்பும், இப்போது சொல்ல முடியாதாம்.

11.11, செவ்வாய்
களிம்போடு வந்து நின்றான். நானே போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

"இனிமே என்னை நம்பவே மாட்டியாம்மா?"

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

எனக்கு நானே எழுதிவைப்பது, தினமும் காலையில்: இடது கண்ணைக் கையால் மூடு. வலது கண்ணால் மட்டும் காலண்டரைப் படி. நேற்றைவிட எழுத்து கலங்கினால், கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதே, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.