பூஜையில் வைத்த மவுஸ்

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
20.12.2007

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

இங்கு நலம், நீயும் நலம்தானே? மின்னஞ்சலில் தமிழ் அடிக்க எனக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் இந்த இன்லேண்ட்.

கல்லூரியில் என்னை மேடையில் தள்ளிப் பாட வைத்தாய், இப்போது இணையத்தில் தள்ளிவிட்டாய். எட்டாம் வகுப்புக்கு வலைப்பதிவு தொடங்கியாயிற்று. ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் இதில் நம்பிக்கையில்லை. இங்கே எல்லோரும் பொர்தி என்று அழைக்கும் தலைமை ஆசிரியை, "உன் தோழி சொல்லி அந்த அறக்கட்டளை பணம் தருகிற வரைக்கும் இணைப்பு இருக்கட்டும்" என்றார்.

உங்கள் பள்ளிப் பெண்களோடு எங்கள் பெண்கள் இணையத்தில் உரையாட நீ குறித்த பிப்ரவரி 11, மூன்று மணி, எனக்குச் சம்மதம். அவர்கள் இப்போதே குதிக்கிறார்கள்.

அன்புடன்,
அனந்தலக்ஷ்மி


மயிலாப்பூர், சென்னை
13.2.2008

அனந்தா,

நாற்பது பெண்கள் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் அறக்கட்டளைக்காரர்கள். உன்னைப் பற்றி அவர்களிடம் அவ்வளவு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். "இந்த ஆசிரியர்களை மாற்றவே முடியாது" என்று சொல்லி அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மார்ச்சோடு உங்கள் இணைப்பை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். தொடர வேண்டுமானால் என் சிபாரிசு வேண்டுமாம். எழுத எனக்கு மனமில்லை.

சௌந்தரம்


லேக் கார்டன்ஸ், கல்கத்தா
19.2.2008

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நடந்ததைக் கேள்.

அன்று இங்கே சரஸ்வதி பூஜை. நமக்கு நவராத்திரியில் வருவது இவர்களுக்கு வசந்த பஞ்சமியில். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பெண்கள் எப்படியும் பள்ளிக்கு வருவார்கள், நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். மூன்று மணிக்கு அறையைத் திறந்தால் ஒரு கணினியிலும் மவுஸ் இல்லை. புத்தகங்களோடு அவற்றையும் சரஸ்வதியின் காலடியில் வைத்துவிட்டார்கள். எடுக்கப் போனேன். வகுப்பின் ஒரே தமிழ்ப் பெண் பிரியங்கா, "தொடாதீங்க மிஸ், நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். படிக்கற சாமான் இல்லையா?" என்றாள்.

அவர்கள் கணினியைப் புத்தகத்தோடு சேர்த்துவிட்டார்கள், சௌந்தரம். இரண்டு வருஷமாக நீ எனக்கு எழுதிக்கொண்டிருந்ததும் அதுதானே? எனக்கு அவற்றை எடுக்க மனம் வரவில்லை. உன் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. ஆயுத பூஜையன்று நீயும் கணினிக்குச் சந்தனம் வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறவள்தானே?

மறுநாள் காலையில் மவுஸைத் துடைத்து மாட்டியதும் பிரியங்கா நடந்ததை வலைப்பதிவில் எழுதினாள். உங்கள் பள்ளிக் கல்பனா அதன் கீழே, "பரவாயில்லை, அக்டோபரில் நாங்களும் ஒரு நாள் வரமாட்டோம்" என்று பதில் போட்டிருக்கிறாள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பேச்சு ஓயவில்லை. நீ இன்னும் போய்ப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

என்மேல் உள்ள கோபத்தை எங்கள் பெண்கள்மேல் காட்டாதே. சிபாரிசை எழுதிக் கொடு.

உன்,
அனந்தா


மயிலாப்பூர், சென்னை
29.2.2008

அனந்தா,

பிரியங்கா எழுதியதையும் கீழே இருந்த பதில்களையும் அச்செடுத்து அறக்கட்டளைக்குக் கொடுத்தேன். கூடவே ஒரே ஒரு வரி எழுதினேன்: ஆசிரியை செய்தது சரி. இன்னும் ஒரு வருஷத்துக்கு இணைப்பு உண்டு, பொர்தியிடம் சொல்லிவிடு.

கோபம் தீர்ந்துவிட்டதாக நினைக்காதே. கோடை விடுமுறைக்கு வந்து சேர். நேரில் திட்ட வேண்டும்.

சௌந்தரம்