விடைத்தாளில் நான் சேர்த்த ஞானக்கண்

சிவமயம்

கோணமலை உச்சியில் கடற்காற்று வாங்கியபடி வீற்றிருக்கும் பெருமானே, இக்கடிதத்தில் உம்மைப் பற்றியும் சில வார்த்தைகள் வரும். கோபிப்பதானால் என்னோடு மட்டும் கோபித்துக்கொள்ளும். முழங்கால் நோவோடு நாள்தோறும் உமக்கு விளக்கேற்றும் என் மனையாளை விட்டுவிடும்.

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஆவணி மாதம் 9ஆம் நாள்

அன்புள்ள மகள் லக்சாயினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகனும் பேரனும் ஒஸ்லோவின் குளிருக்கு ஈடுகொடுத்துச் சுகமாய் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாட விண்ணப்பம். இங்கே நானும் அம்மாவும் வயதுக்குத் தகுந்த நலம். அதாவது வைத்தியர் கவலைப்படும் அளவுக்கும் இல்லை, அவரை மறந்துவிடும் அளவுக்கும் இல்லை. போன வெள்ளிக்கிழமை கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கிவந்த மான்கள் இரண்டு படலைக்குள் புகுந்து, பூசைக்கென்று அம்மா வளர்த்த செவ்வரத்தைச் செடியை மொட்டையாக்கிவிட்டுப் போயின. மானைக் கையில் ஏந்தி நிற்பவரே அதை அவிழ்த்து விட்டிருக்கிறார் என்றால் முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று நான் கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாளாக எனக்குத் தேநீர் சீனி குறைவாகவே வந்தது.

பல்கலைக்கழகத்தில் உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்களாமே, என்ன நடந்தது என்று தொலைபேசியில் கேட்டாய். அம்மா உனக்கு நாலு வசனத்தில் சொல்லியிருப்பாள். நாலும் உண்மையாகவே இருக்கும். ஆயினும் குற்றவாளியின் வாக்குமூலம் என்று ஒன்று உண்டல்லவா, அதை என் கையாலேயே எழுதுகிறேன்.

நம் வீதி முனையில், பழைய பண்டகசாலைகளைத் திருத்தி ஒரு பல்கலைக்கழகம் வந்திருப்பதை நீ அறிவாய். அங்கே மாற்றுத்திறனாளி மாணவருக்கென்று சம வாய்ப்பு அலகு ஒன்றை நிறுவி, அதற்கு மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மேல்மாடியில் அறையும் ஒதுக்கினார்கள். அலகின் பொறுப்பாளர் றம்ஸியா, துறைமுக அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த கிண்ணியா ஸைனுலாப்தீனின் மகள். அவள் பெயர்ப்பலகையை மேலே விட்டுவிட்டு, மேசையையும் இரண்டு கதிரைகளையும் இறக்கிப் படிக்கட்டின் கீழே போட்டுக்கொண்டாள். வைகாசி மாதம் ஒரு நாள் அவளே வீட்டுக்கு வந்து, “ஐயா, கண் தெரியாத பிள்ளையொண்டுக்குப் பரீட்சை எழுதிக் குடுக்க ஏலுமா? அது சொல்லும், நீங்க எழுதினாச் சரி” என்றாள். அந்தப் பிள்ளையின் பெயர் தேனுகா. சல்லிக் கிராமத்தில் கடற்றொழில் செய்பவரின் மகள், பிறவியிலேயே பார்வை இல்லை, கலைப்பீடத்தில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கென்று பேசும் கணினி ஒன்று வாங்கப்பட்டு, திறப்புவிழாவுக்குப் பிரமுகர் ஒருவர் கிடைக்கும்வரை அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. கலைப்பீடப் பிள்ளைகள் எல்லோரும் அதே நேரம் பரீட்சை எழுதுகிறார்கள். விஞ்ஞானப்பீடத்துப் பிள்ளைகளின் தமிழ்க் கையெழுத்தை எழுதியவரே மறுநாள் வாசிக்க முடியாதாம். ஆகவே என் கையெழுத்து றம்ஸியாவின் நினைவுக்கு வந்திருக்கிறது.

எழுதிக்கொடுப்பவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. “ஐயா இந்து நாகரிகம் படிச்சனீங்களோ?” என்று றம்ஸியா கேட்டாள். இல்லை என்றேன். பரீட்சைக்குப் படித்ததில்லை என்பது சத்தியம்; அந்தச் சத்தியத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு படிவத்தில் ஒப்பமும் இட்டேன். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொன்னவன் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை, நானும் இடம் தேடவில்லை. என் மடியில் உறங்கியபடியே நீ கேட்ட புராணபடனம்தானே? பாலசிங்கம் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், நான் பொருளை விரித்துப் பயன் சொல்வேன். அவர் நாலு அடி வாசித்தால் நான் நாற்பது அடிக்குச் சொல்ல வேண்டும். குறைந்தால் இன்றைக்கு ஐயாவுக்குச் சுகமில்லையோ என்று சனம் கேட்கும். ஒருவர் வாய் திறந்து நிறுத்தினால் மீதியை நான் தொடர வேண்டும் என்று என் உடம்பு பழகிக் கிடந்தது. அந்த உடம்பைத்தான் றம்ஸியா அறியாமல் ஒரு பரீட்சை மண்டபத்தில், பேனையும் கொடுத்து, உட்கார வைத்தாள்.

முதல் வினாவில் நான் யோக்கியனாகவே இருந்தேன். இரண்டாவது, ஆலயம் சமூகத்தை ஒன்றிணைக்கும் விதத்தை ஆராய்க என்பது. தேனுகா தயங்காமல் சொன்ன விடை இது: “ஆலயம் எல்லோருக்கும் உரியது என்பர். எனக்கு அது செருப்புக் கழற்றும் இடம் முதல் மணியோசை வரை மட்டுமே உரியது. உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் எனக்கு விளக்கியதில்லை. தொட்டுப் பார்க்கவும் விட்டதில்லை. நான் கடவுளைக் கண்டதில்லை. என்னைத் தள்ளி நிற்கச் சொல்பவர்களைக் கடவுளும் கண்டதாகத் தெரியவில்லை. இந்த ஒரு விடயத்தில் எங்கள் இருவருக்கும் சமத்துவம் உண்டு.” பிள்ளை அறியாமையில் சொல்கிறது, சுவாமியின் காதில் விழுமுன் திருத்திவிடுவோம் என்று எண்ணி, கடவுளின் கண்ணைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு, ஊனக்கண் இழந்தோர்க்கு ஞானக்கண் அருளும் கருணைக்கடல் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். அதன் பின்னர் எனக்கு அணை இல்லை. அவள் ஒரு வசனம் சொன்னால் நான் மூன்று எழுதினேன். முடிவில் வெண்பா ஒன்றும் வைத்தேன். இடையில் ஒருமுறை அவள் தலையைச் சாய்த்து, “ஐயா, நான் நிப்பாட்டின பிறகும் உங்கட பேனை ஓடுது” என்றாள். எழுத்து அழகாக அமைய வேண்டுமே பிள்ளை என்று சொன்னேன். சிவபூசைக்குப் போன நெற்றியோடு சொன்ன பொய்.

பிடித்துக் கொடுத்தது வெண்பாதான். விரிவுரையாளர் திலக்சன் அதை வாசித்து மனம் உருகி, எந்த நூலில் உள்ளது என்று மூன்று நாள் தேடியிருக்கிறார். எந்த நூலிலும் இல்லை, ஏனென்றால் அது அன்று காலை பதினொன்றேகாலுக்குப் பிறந்தது. அலுத்துப்போய்த் தேனுகாவையே கூப்பிட்டுக் கேட்க, அவள், “சேர், எனக்கு வெண்பா பாடமாக்கவே வராது, எழுதவும் வருமோ?” என்றாளாம். அப்படித்தான் ஆனி மாதம் விசாரணை கூடியது. தாளை இரத்துச் செய்வது, அடுத்த ஆண்டு மீண்டும் தோற்றுவது என்பது பதிவாளரின் தீர்ப்பு. அடுத்த ஆண்டு என்பது எங்களுக்கு ஒரு சொல். தேனுகாவுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து கரைக்கு வந்து, சைக்கிளில் அவளைப் பேருந்துக்கு ஏற்றிவிடும் தகப்பன், இன்னும் ஒரு வருடம் என்றால் படிப்பு போதும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். என் புண்ணியத்தில் ஒரு பிள்ளையின் பட்டம் போகப் போகிறது என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. எழுந்து, பிழை முழுவதும் என்னுடையது என்று சொல்லி, அதற்குக் காரணங்களையும் உவமைகளையும் அடுக்கத் தொடங்கினேன். “ஐயா கொஞ்சம் இருங்கோ” என்றாள் தேனுகா. “இதுக்கும் பயன் சொல்லாதேங்கோ. நானே கதைக்கிறன்.”

பதிவாளர் அவளிடம், விடைத்தாளுக்குப் பரீட்சார்த்தியே பொறுப்பு என்று விதியை வாசித்துக் காட்டினார். அவள், “ஓம் சேர், பொறுப்பு எனக்குத்தான். ஆனா கண் தெரியிற பிள்ளையள் எழுதினதைத் திருப்பிப் பார்த்திட்டுத்தானே குடுக்கினம்? எனக்கு ஆர் வாசிச்சுக் காட்டினது? பார்க்க ஏலாத தாளைத் தந்திட்டுப் பொறுப்பு எண்டா எப்பிடி?” என்று கேட்டாள். பிறகு தான் சொன்ன விடையை முதலிலிருந்து சொல்வதாகவும், தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படியும் கேட்டு, ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கத் தொடங்கினாள். றம்ஸியா சிவப்புப் பென்சிலால், அவள் சொல்லாததை எல்லாம் வெட்டிக்கொண்டு வந்தாள். பதினொரு பக்கத்தில் நாலு பக்கம் மிஞ்சியது. என் ஞானக்கண்ணை றம்ஸியா உரக்க வாசித்து வெட்டிய இடத்தில் தேனுகா என் பக்கம் திரும்பி, “எனக்கு அந்தக் கண்ணும் இல்ல ஐயா. என்னட்ட இருக்கிறது ஒரு போனும் ஒரு தடியும்தான்” என்றாள். கூட்டத்தில் முதலில் சிரித்தவர் பதிவாளர். இரண்டாவது நான், வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே, “இஞ்சாருங்கோ, உங்கட மகள் ஒஸ்லோவுக்குப் போனதே ஒரு வசனத்தை முழுசாச் சொல்லி முடிக்கத்தான்” என்றாள். கலியாணம் பேச வந்தவர்கள் உன்னிடம் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் நான் பதில் சொன்னேனாம். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கும் நானே சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. உனக்கு நினைவிருக்கும் என்று தோன்றுகிறது.

வெட்டிய தாளுக்குப் புள்ளி போட விதி இல்லை என்பதால், ஆடி மாதம் விசேட பரீட்சை வைப்பதாக முடிவாயிற்று. கணினியை றம்ஸியா பிரமுகர் இல்லாமலேயே அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டாள். தூசி துடைத்ததுதான் திறப்புவிழா. ஆனால் அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பேசியது. தமிழ்க் குரல் போட இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் மனிதர்தான் எழுத வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி மேசையில் இருக்க வேண்டும், எழுதியவர் வசனத்துக்கு வசனம் வாசித்துக் காட்ட வேண்டும், அதற்கு மேலதிக நேரமும் உண்டு என்று புதிதாக விதி எழுதினார்கள். யார் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது தேனுகா என் பெயரைச் சொன்னாள். பதிவாளர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டாராம். “அவர் என்ன பிழை விடுவாரெண்டு எனக்குத் தெரியும் சேர். புதுசா வாற ஆள் என்ன செய்வாரெண்டு தெரியாது. அவரையே போடுங்கோ, காதுக்குள்ள வைச்சிருக்கிறன்” என்றிருக்கிறாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் இதுவே நேர்மையானது.

மீண்டும் உட்கார்ந்தேன். வினா வேறு, ஆனால் விடை தன் வழியைத் தேடிச் சுவாமியிடமே போய் நின்றது. இந்த முறை பெருமானைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்; முன்னையதை விடக் காரம், முன்னையதை விட நியாயம். பேனை நின்றது. அவள் காத்திருந்தாள். சொன்னதைச் சொன்னபடியே, என் முத்தான எழுத்தில், கோணமலையானுக்கு எதிராக எழுதினேன். எழுதியதை உரக்க வாசித்தேன். என் வாயால் அந்த வசனம் வந்ததும் மண்டபத்தில் இடி விழவில்லை. மேற்பார்வையாளர் மூக்கைச் சிந்தினார், அவ்வளவுதான். உலகைப் படைத்தவருக்கு ஒரு பிள்ளையின் வழக்கைக் கேட்கும் பொறுமை இருக்கிறது, பொறுமை இல்லாதிருந்தது இடையில் நின்ற எனக்குத்தான். மூன்று மணி நேரம் ஒரு சொல்லும் சேர்க்காமல் இருந்தேன் மகள். ஆறு நாளும் பட்டினி கிடக்கும் கந்தசட்டி உபவாசத்தில்கூட இவ்வளவு களைத்ததில்லை.

நேற்று முன்தினம் பெறுபேறு வந்தது. தேனுகா மூன்றாம் ஆண்டுக்குப் போகிறாள். திலக்சன் என்னை வீதியில் கண்டு, வெட்டுப்படாத முதல் தாளுக்குத் தாம் ஏ போட இருந்ததாகவும், இந்தத் தாளுக்குப் பி தான் வந்ததாகவும், ஏதோ தம்மால் வந்த நட்டம் போலச் சொன்னார். அது என் மனத்தை அரித்தது. படிக்கட்டின் கீழே றம்ஸியாவின் மேசையடியில் தேனுகாவைக் கண்டபோது, என்னுடைய வெண்பா இருந்திருந்தால் ஏ ஆகியிருக்கும் பிள்ளை என்று, வாயை அடக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். அவள் தடியை மடித்துப் பைக்குள் வைத்தபடி, “அந்த ஏ உங்கட. இது என்ட பி, ஐயா” என்றாள்.

மருமகன் அனுப்பிய களிம்பு வந்து சேர்ந்தது. அதிலுள்ள குறிப்பு நோர்வே மொழியில் இருப்பதால், முழங்காலுக்குப் பூசுவதா அல்லது வேறு எதற்குமா என்பதை ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது மறவாமல் சொல். அதுவரைக்கும் அம்மா திறக்க மாட்டாள். பேரனைக் குளிரில் தொப்பி இல்லாமல் விடாதே. எம்பெருமான், அடியேனுடைய கையெழுத்தில் வந்த வழக்கை எல்லாம் பொறுத்தருளி, உன்னையும் மருமகனையும் பேரனையும் நோய் அணுகாமலும், அடுப்பு அணையாமலும், வீட்டுக்குள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் அமைதி குறையாமலும் காத்து, நீடூழி வாழ அருள்வாராக.

என்றும் உங்கள் நலம் வேண்டும்
அப்பா,
வே. கோணேசபிள்ளை