தலையா, கழுகா

மே 6, சனி

நீச்சல் குளத்தின் மேல்மூடியை இன்று விலக்கினோம். ஈஸ்டர் முடிந்ததும் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைப் போட்டு என் மனைவி நோரீன் வைப்பாளே பட்டாணி சூப், தண்ணீர் அதே நிறம், அதே கெட்டி. ஓரத்தில் இரண்டு தவளைகள், குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தன.

பக்கத்து வீட்டு வெர்ன் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "முதலை வளக்கறதுன்னா நகராட்சியில அனுமதி வாங்கணும் ரஸ், தெரியும்ல?" தன் குளத்தை மண் போட்டு மூடித் தக்காளி வைத்தவர் அவர். அந்தத் தக்காளியில் பாதி கடையில் வாங்கியது என்று தெருவே பேசிக்கொள்கிறது. பேச்சை ஆரம்பித்தது நான்தான் என்பது வேறு விஷயம்.

சாப்பிடும்போது நோரீன் மெதுவாகச் சொன்னாள். "நாமளும் மூடிரலாம் ரஸ். பிள்ளைங்க ரெண்டும் பறந்து போயாச்சு. யாருக்காகத் தவளை வளக்கறோம்?"

மே 7, ஞாயிறு

பேரம் முடிந்தது. இந்த மாதக் கடைசித் திங்கள், மெமோரியல் டே விடுமுறையன்று காலையில் தண்ணீர் தெளிந்திருந்தால் குளம் பிழைத்தது. இல்லாவிட்டால் மறுநாள் செவ்வாய்க்கிழமை மண் லாரி. ஆளிடம் பேசியே வைத்திருக்கிறாள்!

தெளிவுக்குச் சோதனை அவளுடைய பழைய சோதனைதான். ஆழப் பக்கத்தில் ஒரு கால் டாலர் நாணயத்தைப் போடுவாள். கரையில் நின்றபடி, மேலே தெரிவது தலைப் பக்கமா கழுகுப் பக்கமா என்று அவளால் சொல்ல முடிந்தால்தான் பிள்ளைகள் இறங்கலாம். அடித்தரை தெரியாத தண்ணீரில் பிள்ளை முங்கினால் யாருக்குத் தெரியும் என்பாள். மகள் கெல்சியின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு கூட்டமே நீச்சலுடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றது. தண்ணீர் கொஞ்சம்தான் கலங்கல். நான் கண் ஜாடை காட்டினேன், கெஞ்சினேன். நோரீன் குனிந்து பார்த்தாள், தெரியவில்லை என்றாள், அவ்வளவுதான். எல்லாரும் நீச்சலுடையோடு சமையலறையில் நின்று கேக் தின்றார்கள். கெல்சி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நானும் பேசாமலிருக்க முயன்றேன். இரவுச் சாப்பாடு வரைக்கும்தான் முடிந்தது.

மே 13, சனி

இலை அள்ளினேன். அள்ள அள்ள இலை. அடியிலிருந்து மகன் ட்ரூவின் நீச்சல் கண்ணாடி வந்தது, பட்டை அறுந்து. எத்தனை வருஷம் அங்கேயே கிடந்ததோ. அவனுக்கு இப்போது தாடி இருக்கிறது.

மே 18, வியாழன்

சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக வேண்டும். நிறமே இல்லை. ஒரு வாளி குளோரின் தூள் கொட்டினேன்.

மே 20, சனி

இன்னும் நிறமில்லை. இன்னொரு வாளி. "குளத்துல மனுசங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுப்பா" என்றார் வெர்ன்.

மே 23, செவ்வாய்

நான் ஒரு கழுதை. காலையில் பார்த்தால் என் கருநீல பௌலிங் சட்டையின் ஒரு கை வெள்ளையாகிவிட்டது. குளத்துத் தண்ணீர் தெறித்த கை. சட்டையை வெளுத்தது சொட்டு மருந்தின் நிறத்தை மட்டும் விட்டுவைக்குமா? குழாயில் பாதி சமையலறைத் தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன் — பீட்ரூட் நிறம். குளோரின் இல்லாததால் அல்ல, அளவுக்கு மீறி இருந்ததால்தான் நிறம் வரவில்லை! இல்லை என்று நினைத்து மேலும் மேலும் கொட்டியிருக்கிறேன்.

பச்சைப் பாசி செத்துவிட்டது, அது உண்மை. ஆனால் கொட்டிய தூளில் இப்போது தண்ணீர் மோர் மாதிரி நிற்கிறது. வடிகட்டி ஓடுகிறது, ஓடுகிறது. வேறு வழியில்லை.

மே 26, வெள்ளி

வேலை முடிந்து வந்தேன். நோரீன் மழை பூட்ஸ் மாட்டிக்கொண்டு குளத்துச் சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வழியில கெடந்துச்சு, எடுத்து வைக்கலாம்னு வந்தேன்" என்றாள். பிரஷ்ஷின் இடம் கொட்டகைக்குள், நான் அதை வெளியே எடுக்கவே இல்லை.

மே 28, ஞாயிறு

மோர். தண்ணி ஊத்தின மோர்.

மே 29, திங்கள், மெமோரியல் டே

காலையில் வெர்ன் தன் தக்காளியோடு வந்துவிட்டார், சாட்சிக்கு. நான் பழைய கால் டாலர் ஒன்றைப் போட்டேன். அது பாதி தூரம் இறங்கும்வரை பார்த்தேன். அப்புறம் புகைக்குள் போனதுபோல் போய்விட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

நோரீன் கரையோரம் போய்க் குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"தலை" என்றாள்.

நான் மறுபடி எட்டிப் பார்த்தேன். "நெஜமாவா தெரியுது?"

"உனக்குத் தெரியலைன்னா கண் டாக்டர்கிட்டப் போ."

வெர்ன் தொண்டையைச் செருமினார். "நோரீன், எனக்கும் ஒண்ணும்—"

"வெர்ன், அந்தத் தக்காளியில கடை ஸ்டிக்கர் இருக்கு."

உள்ளே போய், மண் வேண்டாம் என்று லாரி ஆளுக்கு ஃபோன் செய்தாள். அவளுக்கு நல்ல பார்வைதான், என்ன இருந்தாலும் என்று சொல்லிக்கொண்டேன். இன்று யாரையும் இறங்கவிடவில்லை. குளோரின் குறையட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

ஜூன் 4, ஞாயிறு

வெயில் குளோரினை இறக்கிவிட்டது. தண்ணீர் கண்ணாடி. நீலம். ஆழப் பக்கத்தை இந்த வாரம் யாரும் தொடவில்லை. நாணயம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. காபியோடு கரையில் நின்று பார்த்தேன்.

கழுகு.

வெகுநேரம் பார்த்தேன். கழுகுதான்.

நோரீன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். காபியை வைத்துவிட்டுப் பைஜாமாவோடு குதித்தேன். முதல் தடவை தொப்பை மேலே தூக்கிவிட்டது. இரண்டாம் தடவை காது வலித்தது. மூன்றாம் தடவை மூச்சை அடக்கி அடிவரைக்கும் போய் நாணயத்தைத் திருப்பி வைத்தேன்.

நான் துவட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வந்தாள், பழைய மஞ்சள் நீச்சலுடையில், கண்ணாடி போட்டுக்கொண்டு. குனிந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். அப்புறம் சொட்டும் என் பைஜாமாவைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல" என்றாள். "தலைதான்."