மணி அடித்தால் ஓடுகிறவள்

செப்டம்பர் 9, செவ்வாய்
இன்று கேட் வரை ஓடிவிட்டாள். இடைவேளை மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஒரே ஓட்டம். தண்ணீர் லாரிக்காகக் காவலாளி கேட்டைத் திறந்துவைத்திருந்தார். வெளியே மெயின் ரோடு. சட்டையின் பின்புறம் கைக்குக் கிடைத்தது, பிடித்துவிட்டேன். கிடைத்திராவிட்டால்?

இரண்டாம் வகுப்புக் குழந்தை. இன்னும் பேச்சு வரவில்லை. பெரிய சத்தம் ஆகாது. அவளுக்கென்றே என்னைச் சிறப்பாசிரியையாகப் போட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை சொன்னது ஒன்றுதான்: "அவ மேல இருந்து கண்ண எடுக்காதீங்க."

செப்டம்பர் 11, வியாழன்
சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் லாரிச் சக்கரம்.

செப்டம்பர் 16, செவ்வாய்
நாள் முழுக்க அவள் மணிக்கட்டைப் பிடித்தே வைத்திருக்கிறேன். மாலையில் வந்த அவள் அம்மா, அங்கே சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டார். திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. "நானும் இப்படித்தான் பிடிச்சேன் டீச்சர். அப்புறம் என்னைப் பார்த்தாலே ஒளிய ஆரம்பிச்சுட்டா."

இன்று காலை என்னைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் போனாளே! அவளுக்காகப் பிடிக்கிறேனா, என் பயத்துக்காகவா?

செப்டம்பர் 19, வெள்ளி
அடுத்த வெள்ளி தீ விபத்து ஒத்திகை. மணி நிற்காமல் அடிக்கும். அன்று அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றார் தலைமையாசிரியை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நெஜமா தீப்பிடிச்சா, அன்னிக்கும் லீவு போடச் சொல்வோமா மேடம்?"

தலைமையாசிரியை ஒத்திகைப் பட்டியலில் அவள் பெயரையும் எழுதினார். "சரி. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

எதுக்குடி உனக்கு இந்த வீராப்பு?

செப்டம்பர் 23, செவ்வாய்
மணியின் சுவிட்ச் அலுவலக அறையில் இருக்கிறது. நேற்று முதல், பள்ளி விட்டபின் அவளைத் தூக்கிப் பிடித்து அழுத்த வைக்கிறேன். நேற்று அலறினாள். இன்று அழுத்தினாள், கையை எடுத்தாள், சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினாள். ஊரே திரும்பப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதாக நினைக்கப்போகிறது என்று காவலாளி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு இருவரும் மைதானத்து மூலையிலிருக்கும் நீலச் சுவர் வரை நடந்தோம். ஒத்திகையன்று எல்லாரும் கூட வேண்டிய இடம் அது. வெள்ளி வரை இதே நடைதான்.

செப்டம்பர் 26, வெள்ளி
மணி அடித்தது. காதைப் பொத்தினாள். அவளைப் பிடிக்க நீண்ட என் கையை நானே இழுத்துக்கொண்டேன். ஓடினாள். எல்லா வகுப்பும் தாழ்வாரத்தில் இறங்கியது — கூட்டத்தில் அவளைத் தவறவிட்டேன்.

கேட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. "இந்தப் பக்கம் வரல டீச்சர்," என்றார் காவலாளி. கழிப்பறையில் இல்லை. வகுப்பில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டாள். கடவுளே, எங்க போய்த் தேடுவேன்?

நீலச் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். காதிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் நின்றிருந்தாள். எல்லாருக்கும் முன்னாலேயே வந்துவிட்டாளாம்.

மண்ணுல உக்காந்து அழுதுட்டேன். தலைமையாசிரியை பார்த்துட்டாங்க.

அக்டோபர் 8, புதன்
அவளை வகுப்பாசிரியையிடம் விட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீ குடித்தேன். மணி அடித்தது. பாதி டம்ளர் காலியான பிறகுதான், நான் எழுந்து ஓடவில்லை என்பது உறைத்தது.