மொபெட் ஏன் இப்படிப் புகைகிறது

உங்களுக்குத்தான்,

பழைய வண்டி வாங்குகிற நவ்ஷாத் பாய் பதினொரு மணிக்கு வருவார். காபி கொடுங்கள், மொபெட்டைக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. கோளாறு நமக்குத்தான்.

காலையில் பிளக்கை நானே கழற்றிப் பார்த்தேன். சிரிக்க வேண்டாம். கார்பரேட்டர் கெட்டிருந்தால் கரி வறண்டு படிந்திருக்கும். இது மழைநாள் பஜ்ஜி மாதிரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. நேற்று டவுன் பஸ்ஸில் வரும்போது உங்களை பங்க்கில் பார்த்தேன், பெட்ரோலோடு ஆயிலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆயில் ஊற்றுவது வீட்டில் என் வேலையாயிற்றே! பேச்சை நிறுத்தியவள் அதையும் நிறுத்தியிருப்பாள் என்று நினைத்துவிட்டீர்கள். நானோ, கோபம் உங்கள்மேல்தானே, வண்டி என்ன செய்தது என்று வழக்கம்போல ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு டேங்க்குக்கு இரண்டு பங்கு ஆயில், புகையாமல் என்ன செய்யும்?

முந்தாநாள் சித்திரை வீதியில் ஓர் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "கொசு மருந்து வண்டி இன்னிக்குச் சீக்கிரமே வந்துருச்சுடி" என்றார். ஓட்டிப்போன கொசு மருந்துக்காரி நான்தான்.

ஆயில் கலக்காத பெட்ரோல் போட்டு டேங்க்கை நிரப்புங்கள், புகை அடங்கிவிடும். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் துவாக்குடிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன்.

பிரேமலதா

பி.கு: சண்டை எதற்கென்று எனக்கு மறந்துவிட்டது. உங்களுக்கு ஞாபகம் இருந்தால் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று: இனிமேல் யார் ஊற்றுவது என்று வாயைத் திறந்து பேசித்தான் ஆகவேண்டும். நான் வந்ததும், "ஆயில் நீ ஊத்துறியா, நான் ஊத்தவா?" என்று கேளுங்கள், போதும். முதலில் பேசியது நீங்கள்தான் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.