சிட்டுக்குப் போட்ட இஞ்சித் தண்ணீர்

ஜூன் 4
சிட்டு, இன்றைக்கு உணவகத்தில் ஒரு கூடை இஞ்சியை என் முன்னால் கொட்டினார்கள். தோல் சீவக் கத்தியை எடுத்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். மகளைப் பறிகொடுத்தவள் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரியும். "வெங்காயத்துக்கு அழுவாங்க, பாத்திருக்கேன். இஞ்சிக்கு அழற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். கூடையை அவரே இழுத்துக்கொண்டார்.

ஜூன் 5
நான் அழவில்லை. கண் எரிச்சல்.

ஜூன் 9
மாடி வீட்டுத் தையல்காரி வந்தாள். அவளுக்கும் புற்றுநோய். உனக்கு ஏற்றிய அதே மருந்தை அவளுக்கும் ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்களாம். வெறும் தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடுகிறதாம். உனக்கு நான் போட்டுக் கொடுத்த இஞ்சித் தண்ணீர் வேண்டும் என்றாள். "அது என் பிள்ளையைக் காப்பாத்தலையே, உனக்கு எதுக்கு?" என்று அவளிடம் கேட்டேன். சுள்ளென்றுதான் கேட்டேன்.

"காப்பாத்தச் சொல்லி நான் கேக்கலக்கா. ரெண்டு வாய் உள்ள நிக்கட்டும்னுதான் கேக்குறேன்."

கதவைச் சாத்திவிட்டேன். என்ன பொம்பளை நான்?

ஜூன் 10
மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் நீ. எல்லாவற்றுக்கும் உனக்குப் பேர் தெரியும். உனக்கு மருந்து ஏற்றிய முதல் நாள் இஞ்சியைக் கருக்கக் கருக்கக் காய்ச்சிக் கொண்டு வந்தேன். எரிய எரியத்தான் மருந்து என்று என் நினைப்பு. ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மா, இது எனக்கா, அடைச்சுக்கிட்ட சாக்கடைக்கா?" என்றாய்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னாய். பச்சை இஞ்சியில் ஜிஞ்சரால் என்று ஒன்று இருக்கிறது, குமட்டலை அடக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. காய வைத்தாலோ ரொம்பக் காய்ச்சினாலோ அது கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறிவிடும், காரம் இன்னும் ஏறும். நோயை அது தொடாதும்மா, வயிற்றை மட்டும்தான் சமாதானப்படுத்தும் என்றும் சொன்னாய். அதைத்தான் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ வாந்தி எடுக்காத நாளெல்லாம் நோய் இறங்குகிறது என்றே இருந்தேன். உனக்குப் புதுச் சீப்புகூட வாங்கி வைத்தேன், முடி முளைத்துவிடும் என்று.

ஜூன் 12
மேலே அவள் ஓங்கரிக்கிற சத்தம். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன் — அப்படியும் கேட்கிறது.

ஜூன் 13
அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு இப்போதைக்கு அளவாக இஞ்சி கொடுக்கலாம், ரத்தம் உறைய வைக்கிற அணுக்கள் குறைந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து இஞ்சி சீவினேன். மெல்லிசாக நறுக்கி, சுடுதண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். காய்ச்சவில்லை. நீ சொன்னபடிதான். மாடிக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன், அவள் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அரைத் துண்டு ரொட்டி சாப்பிட்டாள். அது உள்ளே நின்றது.

கீழே இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 17
இன்றைக்கும் சாப்பிட்டாள். இஞ்சிக்கூடையை என் பக்கம் தள்ளச் சொல்லிவிட்டேன் மாஸ்டரிடம்.

ஜூன் 20
கப்பைப் பாதியில் திருப்பி நீட்டினாள். "கோச்சுக்காதீங்கக்கா. இன்னிக்கு இது கேக்கல. குடிச்சதும் வந்துருச்சு." எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஊசி போட வந்த நர்ஸிடம் கேட்டேன். அது அப்படித்தான், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, கேட்கிறவர்களுக்கும் எல்லா நாளும் கேட்காது என்றாள்.

எல்லா நாளும் கேட்காதாம், சிட்டு.

நீ ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லையே. நான் கப்போடு வந்து நின்றால் ஒரே மடக்கில் குடிப்பாய். "அடங்கிருச்சும்மா, நீ போய்ப் படு" என்பாய். நானும் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

நிஜமாவே அடங்குச்சாடி? இல்ல, நான் தூங்கட்டும்னு குடிச்சியா?