பச்சையாகவே இருந்த திரை

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலை முழுவதும் ஒரு பட்டனோடு போயிற்று. தெலுக் பங்லிமா காராங் மீன் குளிர்பதன ஆலையில் கணினிக்குப் புதிதாகப் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கியதும் நான் எழுதிய மென்பொருளில் 'சைரனை நிறுத்து' என்கிற பட்டன் பாதி வெட்டுப்பட்டுக் கீழே இறங்கிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் லோகேஸ்வரி அக்கா போனில் சிரித்தார். "பட்டனோட தல மட்டும் தெரியுது மா. ஒடம்பக் காணோம் லா."

ஒவ்வொன்றின் அகலத்தையும் உயரத்தையும் கையால் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன், அதுதான் வினை. திரைக்கேற்ப விரியும்படி மாற்றி அனுப்பினேன்.

கடல் தாண்டி இந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதிராம்பட்டினத்தில் யாராவது விசாரித்தால் உம்மா, "கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரையிறா" என்று சொல்கிறாளாம். பொய்யில்லை. அந்தக் கட்டங்களில் எட்டு குளிர் அறைகளின் வெப்பநிலை வரும். இயந்திர அறையில் அம்மோனியா வாயு எவ்வளவு கசிகிறது என்று சொல்லும் நான்கு எண்களும் வரும். இருபத்தைந்துக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு, சைரன்.

8 ஆகஸ்ட், வியாழன்

ஆலையில் திரை உறைந்துவிட்டது. ஜன்னல் முழுக்க வெளுத்துப்போய், எதைத் தட்டினாலும் அசையவில்லையாம்.

இந்தத் தொழிலில் இது சளிக்காய்ச்சல் மாதிரி, வராத ஆளில்லை. வாயுக் கருவியிடம் எண்ணைக் கேட்டு வாங்குவதும் திரையை வரைவதும் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில், நடக்கிறது. கருவி பதில் சொல்லத் தாமதித்தால் திரையும் கைகட்டி நிற்கும். கேட்கிற வேலையைத் தனி த்ரெட்டுக்கு மாற்றினால் போதும்.

எங்கள் ஆறு பேர் கம்பெனியின் முதலாளி ராதாகிருஷ்ணன் சார், "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" என்றார். முடியும் என்றேன்.

9 ஆகஸ்ட், வெள்ளி

அனுப்பியாயிற்று. மாலை ஐந்து நாற்பது. புதிய த்ரெட் நேராகப் போய், திரையில் எண்ணைக் காட்டும் லேபிளைத் தொட்டது, மென்பொருள் விழுந்தது. திரையை வரைகிற த்ரெட் மட்டும்தான் லேபிளைத் தொடலாம். எண்ணை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதைச் சரிசெய்தேன். வேறு சில்லறைப் பிழைகளும் குறுக்கே வந்தன. அடக்கிவிட்டேன். சார் வாசலில் நின்றபடியே "சுடச் சுட அனுப்பு, சுடச் சுட அனுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை அறிக்கை அச்சாகிறதாம். ஒரே பட்டனுக்கு ஒரே வேலையை இரண்டு இடத்தில் கட்டியிருந்தேன். ஐந்து நிமிட வேலை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

லோகேஸ்வரி அக்கா கூப்பிட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

"இப்பல்லாம் ஸ்க்ரீன் உறையறதே இல்ல, ஷஹானா. ஆனா நம்பர் நகரலயே மா."

"எந்த நம்பர்கா?"

"வாயு நம்பர். நாலும் நாலுலயே நிக்குது. அரை மணி நேரமா பாத்துக்கிட்டே இருக்கேன். மூடித் திறந்தேன், பதினொண்ணு காட்டுது."

பதினொன்று ஆபத்தில்லை. ஆனால் அரை மணி நேரம் அந்தத் திரை என்ன காட்டிக்கொண்டிருந்தது? மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததாம். பட்டன்கள் வேலை செய்தனவாம். எல்லாம் பச்சை.

முன்பு உறைந்தபோது உறைந்ததாவது கண்ணுக்குத் தெரிந்தது.

22 ஆகஸ்ட், வியாழன்

ஆலைக்கே போனேன். கிள்ளான் வரை ரயில், அங்கிருந்து லோரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து டாக்சி. கட்டுப்பாட்டு அறைக்கும் இயந்திர அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கத்தில் குழாய்கள், கம்ப்ரசர்கள், ஓயாத உறுமல்.

டெக்னீஷியன் ரவிசங்கர் அண்ணன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இதெல்லாம் எழுதினது நீங்கதானா? சின்னப் பொண்ணா இருக்கீங்க."

பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறாராம். "கொஞ்சமா கசிஞ்சா எனக்கு வாசனையே தெரியறதில்ல மா. மூக்கு பழகிப்போச்சு. அதான் உள்ள போறதுக்கு முன்னால கண்ணாடி வழியா உங்க ஸ்க்ரீன ஒரு பார்வ பாத்துக்குவேன். பச்சைன்னா அப்படியே போயிடுவேன். மாஸ்க்க மாட்டினா மூச்சு முட்டுது லா."

சொல்லிவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்தார். பச்சை. உள்ளே போனார். அவர் வெளியே வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை.

பிறகு வாயுக் கருவியிலிருந்து கணினிக்கு வரும் நெட்வொர்க் கம்பியை ஒரு நொடி கழற்றி மாட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், எண்கள் நின்றுவிட்டன. பிழைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. தொடர்பு அறுந்தால் பிழை வரவேண்டும், வந்திருக்கிறது, யாரோ அதைப் பிடித்து, சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறார்கள். எண் கேட்கிற த்ரெட் அங்கேயே செத்துவிடுகிறது. கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சைரனும் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

எனக்கு முன் இந்த வேலையில் இருந்த நுஃமானைத்தான் முதலில் திட்டினேன். பிழையைப் பிடிக்கிற இடத்தில் இரண்டு அடைப்புக்குறி, நடுவே ஒன்றுமில்லை — இப்படியா எழுதுவான் ஒருத்தன்?

யார், எப்போது எழுதியது என்று எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் ஒன்பது. மாலை ஐந்து இருபத்தாறு. என் பெயர். பக்கத்தில் என் குறிப்பு: பிறகு பார்க்கலாம்.

23 ஆகஸ்ட், வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழைதான் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார். அஞ்சு செகண்ட் எண் வரலைன்னா கட்டம் சாம்பலா மாறி, சைரன் அடிக்கும். இன்னைக்கே போட்டுடலாம்."

"செப்டம்பர் அஞ்சாம் தேதி அவங்க ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்து பாத்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறாங்க. இப்பப் போயி வாயு நம்பரே தப்பா இருந்துச்சுன்னு சொன்னா? மூணு வருஷம் இந்த ஆலை பின்னால அலஞ்சிருக்கேன் மா. அஞ்சாம் தேதி முடியட்டும், ஆறாம் தேதி போடு. ரெண்டு வாரம் லா. ரெண்டு வாரத்துல என்ன ஆயிடப்போவுது?"

நான் எழுந்தபோது, "உன் வேலை பாஸ் பேப்பர் என் மேசைலதான் இருக்கு. அத நான் பாத்துக்கறேன். இத நீ பாத்துக்க" என்றார். அந்த பாஸ் இல்லாமல் நான் இந்த நாட்டில் இருக்க முடியாது. ஆனால் மிரட்டிய மாதிரியே இல்லை. பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

26 ஆகஸ்ட், திங்கள்

லோகேஸ்வரி அக்காவுக்கு போன் செய்தேன். "அப்பப்ப ஒரு தடவ மூடித் திறங்கக்கா."

"ஏன் மா?"

"சும்மாதான். அப்படிச் செஞ்சா நல்லது."

"ஏதாச்சும் பிரச்சினையா?"

"இல்லக்கா."

இல்லக்கா என்றா சொன்னேன்? என் வாய்தானா அது?

27 ஆகஸ்ட், செவ்வாய்

என் மேசையில் சரியான மென்பொருள் இருக்கிறது. அங்கே தப்பானது ஓடுகிறது. நடுவில் நாற்பது கிலோமீட்டர்.

28 ஆகஸ்ட், புதன்

உம்மா பேசினாள். "கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?" வேலை அதிகம் என்றேன். பாஸ் புதுப்பித்தாயிற்றா என்று வாப்பா பின்னாலிருந்து கேட்பது கேட்டது.

மோனோ ரயில் மேலே போகும்போது எங்கள் அலுவலகக் கண்ணாடி லேசாக அதிரும். இத்தனை நாள் கவனித்ததே இல்லை. இன்று ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன்.

30 ஆகஸ்ட், வெள்ளி

எழுதிவிட்டேன். சாருக்குத் தெரியாமல், ஆலை மேலாளருக்கு நேராக. 'வாயு எண்களை நம்ப வேண்டாம். பச்சையாக இருந்தாலும் முகமூடி இல்லாமல் யாரையும் இயந்திர அறைக்குள் விடாதீர்கள்.' அனுப்பும்போது மணி மூன்று ஐந்து.

மூன்று ஆறுக்குத் தானியங்கிப் பதில் வந்தது: விடுமுறையில் இருக்கிறேன், செப்டம்பர் மூன்று அன்று திரும்புவேன்.

நாளை இந்த நாட்டின் சுதந்திர நாள், பிறகு ஞாயிறு. போன் செய்யலாமா? லோகேஸ்வரி அக்காவுக்காவது? கையில் எடுத்தேன். என்ன சொல்வது, திங்கட்கிழமை 'இல்லக்கா' என்றவள்? எழுதியாயிற்று. எழுத்தில் இருக்கிறது. அது போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

மாலை நாலரைக்கு சாரின் போன். "ஷஹானா, எங்க இருக்க? ஆலைல கசிவு."

ரவிசங்கர் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை லோகேஸ்வரி அக்காவுக்கு லீவு. மாற்று ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார். மூடித் திறக்கச் சொன்னது அவருக்குத் தெரியாது. மதியத்திலிருந்து ஒரு வால்வு கசிந்திருக்கிறது. திரையில் மூன்று. நான்கு கட்டத்திலும் மூன்று. பச்சை. ரெண்டே முக்காலுக்கு ரவிசங்கர் அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். நாலடி வைத்திருப்பார் என்கிறார்கள். அதற்குள் கண் எரிந்து மூடிக்கொண்டது. திரும்பி வரக் கதவு எது என்று தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி எதிர்ப்பக்கம் போயிருக்கிறார்.

வேற ஒண்ணும் எழுத வரல. யா அல்லாஹ், அந்த மனுஷன் பிழைக்கணும். பிழைச்சா போதும்.

2 செப்டம்பர், திங்கள்

உயிர் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு, மூச்சுக் குழாய்.

4 செப்டம்பர், புதன்

மருத்துவமனையில் உள்ளே விடவில்லை. லோகேஸ்வரி அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழவில்லை, பேசவில்லை என்றெல்லாம் இல்லை; எழுந்து வந்தார், பேசினார்.

"மேனேஜர் உன் ஈமெயில இப்பதான் திறந்து பாத்தாரு. ஊரெல்லாம் உன்னத்தான் பேசுது. நல்ல வேள, அந்தப் பொண்ணு எழுதியாச்சும் வெச்சிச்சேன்னு."

சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஏன்னு கேட்டேன்ல மா. ஏன்னு மட்டும் சொல்லியிருந்தா, ஒரு காயிதத்துல எழுதி அந்த ஸ்க்ரீன் மேலயே ஒட்டியிருப்பேன். அவ்ளோதான் லா வேல. ஒரு காயிதம்."

9 செப்டம்பர், திங்கள்

விசாரணைக்கு அழைப்பு. சார் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். எட்டு நாளில் ஆள் இளைத்துவிட்டார்.

"உன் ஈமெயில் முப்பதாம் தேதி. அதுக்கு முதல் நாள்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லு. கண்டுபிடிச்ச மறுநாளே எழுதிட்ட. உன் மேல ஒரு தூசி விழாது, எங்க மேலயும் விழாது. மத்த அஞ்சு பேர் குடும்பத்த நெனச்சுப் பாரு."

அவர் சொன்னதில் பொய் என்று ஒரே ஒரு தேதிதான். அதைத் தவிர எல்லாமே பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

11 செப்டம்பர், புதன்

அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. என் மின்னஞ்சலின் நகல் அவர் முன்னால் இருந்தது. அதைப் படித்துவிட்டு என்னிடம் கனிவாகத்தான் பேசினார். கடைசியில், இந்தப் பிழை உங்களுக்கு முதலில் தெரிந்தது 'பிலா?' என்றார். எப்போது?

இருபத்தொன்பது என்று நாக்கில் வந்து நின்றது. நிஜமாகவே வந்து நின்றது.

இருபத்திரண்டு என்றேன். பிழையை எழுதியவள் நான், ஒன்பதாம் தேதி, என்றும் சொன்னேன். 'இல்லக்கா'வையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அதன் பிறகு அந்தக் கனிவு இல்லை.

24 செப்டம்பர், செவ்வாய்

என் பாஸைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சார் கடிதம் கொடுத்தார். அக்டோபர் பதினெட்டோடு முடிகிறது. "கோவத்துல செய்யல மா," என்றார். நம்புகிறேன். ஆலை எங்கள் மென்பொருளை எடுத்துவிட்டது. அலுவலகத்தில் இரண்டு மேசை காலி.

ரவிசங்கர் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாராம். லோகேஸ்வரி அக்காவிடம் முகவரி கேட்டு எழுதினேன். முகவரி மட்டும் வந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

கிள்ளான் போனேன். தாமான் என்கிற குடியிருப்பு வரிசையில் கோடி வீடு. அவர் மனைவி கண்ணம்மா கதவைத் திறந்தார். யார் என்று சொன்னேன். உள்ளே வரச் சொன்னார்.

ரவிசங்கர் அண்ணன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் ஆகாதாம், கறுப்புக் கண்ணாடி. ஒரு கண்ணில் நிழல் மட்டும் தெரிகிறதாம். பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "என் தப்புதான் அண்ணே," என்றேன்.

தலையாட்டினார். நான் சொன்னது கேட்டது என்கிற தலையாட்டல்.

"எத்தன நாளு... முன்னாடியே தெரியும்?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"பத்து நாள்."

மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் ஆயிற்று அவருக்கு. "ஒரு நாளைக்கு... நாலு தடவ உள்ள போவேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. விரல்களை மடக்கி எதையோ எண்ணிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். கண்ணம்மா அக்கா தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் தப்பாகிவிடும் என்று சூட்டோடு குடித்தேன்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கேட்டுக்கு வெளியே நின்று டாக்சியைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணம்மா அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, கம்பிக்கு இடையே ஒரு குடையை நீட்டினார்.

"நனையாதீங்க."

"நான் கொண்டாந்து குடுத்துர்றேன்கா."

"வேணாம்," என்றார். "திருப்பிக் கொண்டு வர வேணாம்."